தின்ற இடம் வெள்ளை

பன்றித்தோலில் காய்ச்சிய ஜெலட்டினைக்
கூழ்மத்தில் கலந்து
இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஊற்றினேன்.
ரொஸ்னா கையுறை இரண்டடுக்குப் போட்டுக்கொண்டு
இது வேலை, சாப்பாடில்லை என்று
தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாள்.
புவன விஸ்தாவில் மழை.
ஆறாம் மாடியிலிருந்து பார்த்தால்
ரயில் நிலையத்துக்குக் குடைகள் மட்டும் நடந்து போகின்றன.

பத்துத் தடங்களில் பத்துப் பேரின் திசுச்சாறு.
பெயர் கிடையாது, எண்தான்.
முப்பத்தேழு பாகையில், ஓர் உடம்பின் சூட்டில்,
கால்சியம் கொஞ்சம் துத்தநாகம் துளி விட்டு
தூங்க வைப்பதுபோல் மூடிவிட்டுப் போவேன்.
தூங்காது.
காலையில் நீலச் சாயத்தில் முக்கி
காடி நெடியடிக்கும் நீரில் அலசினால்
எங்கும் நீலம்,
நொதி தின்ற இடம் மட்டும் வெள்ளை.
இல்லாமல் போனதைப் படிக்கும் வேலை.
இருபது வருடமாக இதற்குத்தான் சம்பளம்.

அந்த நொதி என்னதான் செய்கிறது என்று
பக்கத்து வீட்டு சியூ லிங் ஒருநாள் லிஃப்டில் கேட்டாள்.
எதிரே நோட்டீஸ் ஒட்டியிருந்தது:
பதினோராம் மாடியில் சுவர் இடிப்பு,
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.
அதைக் காட்டினேன்.
உடம்பும் வீவக புளோக்தான், சுற்றிலும் கொலாஜன் சுவர்.
புது ரத்தக்குழாய் ஒன்று நீள வேண்டுமென்றால்
யாராவது முதலில் சுவரை அறுக்க வேண்டும்.
காயம் ஆறும்போது, மாதவிலக்கில்,
கரு வந்து கருப்பையைப் பற்றும்போது
அனுமதிச் சீட்டோடு வருவார்கள்,
தூசியைக் கூட்டிவிட்டுப் போவார்கள்.

கட்டிக்கு அதெல்லாம் கிடையாது.
அதற்குப் பசி.
மூச்சு முட்டும் தன் நடுவயிற்றிலிருந்து ஆளனுப்பும்.
அக்கம்பக்கத்து நல்ல செல்களையே கூலிக்குப் பிடிக்கும்.
தாங்கு சுவரென்றும் பாராமல் உடைத்துத்
தன் வாசலுக்கு ரத்தச் சாலை போட்டுக்கொள்ளும்.
அதே சாலையில் ஒருநாள்
அதன் பிள்ளைகள் மூட்டை கட்டும்
நுரையீரலுக்கு, ஈரலுக்கு.

"அப்போ கத்தரியைப் பிடுங்கிட வேண்டியதுதானே?"

பிடுங்கிப் பார்த்தார்கள், சியூ லிங்.
நான் வேலைக்குச் சேருமுன்பே.
எல்லாக் கத்தரியையும் ஒன்றாய்க் கட்டிப்போடும் மாத்திரை.
கட்டி அசரவில்லை.
விழுங்கியவர்களுக்குத் தோள் இறுகியது,
முதுகுப் பக்கத்துக் கொக்கிக்குக் கை எட்டவில்லை.
எட்டாம் மாடி வந்துவிட்டது. கதவு திறந்தது.
அவள் இறங்காமல் கொஞ்சம் நின்றாள்.

இவற்றில் ஒன்றை முதன்முதலில் கண்டது
தலைப்பிரட்டையின் வாலிலாம்.
ஞாயிற்றுக்கிழமை பீஷானில், காலாங் ஆற்றோரம்
ஒரு பையன் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிக் காட்டினான்:
நான்கு காலும் முளைத்து,
வால் பாதியாய் நின்ற ஒன்று.
விழுந்துடுமா ஆன்ட்டி?
விழாதுப்பா, கரையும்.
அதையே அது சாப்பிட்டுக்கும்.
அவன் முகத்தைச் சுளித்தான். எனக்கு ஏனோ
தைத்த இடத்தில் கை போனது.

மார்ச் மாதம் எனக்கும் எடுத்தார்கள்,
இடப்பக்கம், கொட்டைப்பாக்களவு.
எஞ்சியதை ஆய்வுக்குத் தரச் சம்மதமா என்று
ஒரு படிவம் நீட்டினார்கள்.
எவ்வளவு பேரின் கையெழுத்தில் நான் சாப்பிட்டிருக்கிறேன்,
படிக்காமலே போட்டேன்.
அந்த எண் எந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது,
எந்த வாரம் யார் மேசைக்கு வரும்,
தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் விதி.

இன்று ஏழாம் தடம் அகலமாய் வெளுத்திருக்கிறது.
ரொஸ்னா மெல்ல விசிலடித்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள், நிறுத்திவிட்டாள்.
படமெடுத்து, எண்ணைக் குறித்து,
வெளிச்சப் பெட்டியை அணைத்தேன்.

கீழே கடையில் கோப்பிக்கு நிற்கும்போது
தழும்பு அரிக்கிறது.
ஆறுகிறதென்று அர்த்தம் என்றார் டாக்டர்.
உள்ளே யாரோ சுவர் அறுக்கிறார்கள்.
மணி ஐந்தரை ஆகிறது.
நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள் என்றுதான்
நினைத்துக்கொள்கிறேன்.